தருமத்திற்கு யோசனை கூறுவோர்

பொதுநலச் சங்கங்களுக்குப் பணம் திரட்டும் வழியையும் நிலைத்து நிற்கும் உபாயத்தையும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டோர் இக்காலத்தில் உளர். தருமத்திற்கு யோசனை கூறிக் கூலி பெறுதல் தகுமோ எனச் சிலர் வினவுகின்றனர். தகும் என்பதே நம் துணிபு. வைத்தியர் கூலி பெறுகிறார். ஆசிரியர் சம்பளம் பெறுகிறார். நல்லெண்ணம் நிறைந்திருந்தும் கணக்கறியாமையால் கதவடைத்த வாசகசாலைகள் எத்தனையோ! ஆயின், யோசனை கூறுவோர் யாரை நினைந்து கூறுகின்றனர் என்பதே பெரிய கேள்வி.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமத்தை எடுத்துக்கொள்வோம். 1904-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கட்டடம் அது. 2014-இல் அதன் அறங்காவலர் அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுப்ப முனைந்தனர். கல்விப் பணிக்கு வருவாய் வேண்டும் என்றனர் அவர்கள். முன்னோர் கண்ட நிலையத்தின் மாண்பு குலையும் என்றனர் எதிர்த்தோர். 2016-இல் அரசாங்கம் அதனை மரபுடைமையாக அரசிதழில் அறிவித்தது. அத்துடன் வழக்குத் தீர்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் பாதியே தீர்ந்தது. சுவரைக் காக்கச் சட்டம் உண்டு. சுவருக்குள் நடக்கும் பணிக்குப் படியளப்பவர் யார்? இதற்குச் சட்டத்தில் விடையில்லை.

விடையை வேறிடத்தில் தேடுவோம். 1950-களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபொழுது, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். 1960-இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டந்தோறும் சென்று, பங்கு சேருங்கள் என்று அவர் வேண்டினார். பால்மரம் சீவிய கைகள் பங்குத்தொகை செலுத்தின. அப்பணத்தால் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பெற்றது.

கூட்டுறவு முதலீடேயன்றித் தருமம் அன்று என்பாருளர். உண்மையே. எனினும் அதனுள் ஒரு பாடம் உளது. கொடுத்தவன் உரிமையாளன் ஆனான். கணக்குக் கேட்கும் தகுதி அவனுக்கு உண்டாயிற்று. ஒரு தனவந்தர் தரும் ஆயிரம் வெள்ளி, அவர் மனம் மாறினால் மறுநாளே நின்றுபோம். நூறு பேர் தரும் பத்துப் பத்து வெள்ளி ஒரே நாளில் நின்றுபோவது அரிது.

நிற்க. திரட்டிய பணத்தில் விழுக்காடு பெறலாகாதென நிதி திரட்டும் தொழிலோர் சங்கத்தின் ஒழுக்க விதியே மேனாட்டில் விலக்குகிறது. காரணம் வெளிப்படை. பங்கு பெறுவோன் பெரிய வாயில்களையே நாடுவான். லயத்துக் கதவைத் தட்டான். ஆதலின் ஆலோசகர் செய்த வேலைக்குக் கூலி பெறட்டும். தருமத்தின் பங்காளி ஆகவேண்டா. கூட்ட மேசையில் இடமில்லாதவர்க்காகவும் அவர் பேசட்டும்: கொடுத்து மறைந்த முன்னோர்க்காக, இனிப் படிக்கவரும் பிள்ளைகளுக்காக.

இறுதியாக, நம் பக்கமும் நோக்குவோம். பழைய கட்டடம் இடிபடும் என்றால் கிள்ளான் முதல் கோலாலம்பூர் வரை நாம் கொதித்தெழுகிறோம். அவ்வாறு எழுந்தோரில் ஆண்டுச் சந்தா செலுத்துவோர் எத்துணைப் பேர்? மாதந்தோறும் கொடாதவர்களின் கோபத்தை நம்பி எந்தச் சங்கமும் விளக்கேற்ற இயலாது. மிகச் சிறந்த ஆலோசகரும் நமக்காகச் சந்தா கட்ட மாட்டார்.