முதுமையும் நம் கடமையும்

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமோ என்று நம்மில் பலர் கலங்குகிறோம். 1839-இல் பிரான்சில் ழான் ஜுகன் என்னும் ஏழைப் பெண், பார்வையிழந்த மூதாட்டி ஒருவருக்குத் தம் படுக்கையையே அளித்தார். சிறிய சகோதரிகள் சபையின் முதியோர் இல்லங்களுக்கு அதுவே தொடக்கம். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. ஆகவே இல்லம் இழிவன்று.

நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரும் உரிமையைப் பெற்றோருக்கு அளிக்கிறது. 14567 என்னும் உதவி எண்ணில் முதியோர்க்கு வழிகாட்டுகிறார்கள். ஆயினும் அவர்கள் அருகில் அன்போடு அமரும்படி எச்சட்டமும் நம்மைப் பணிக்க இயலாது.

கடவுளுக்குரிய காணிக்கை, 'கொர்பான்', என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டோரை ஆண்டவர் கடிந்துகொண்டார். மாதந்தோறும் நாம் செலுத்தும் பணமே நமது கொர்பான் ஆகிவிடலாகாது. எங்கே வாழ விரும்புகிறார்கள் என்று முதலில் அவர்களையே கேட்போம். எங்கிருந்தாலும் தேடிச் செல்வோம்.