வெள்ளத்தில் நனைந்த வண்டியும் விற்பவர் கடமையும்

வெள்ளத்தில் மூழ்கிய பழைய வண்டியொன்றைச் செப்பனிட்டு விற்பவர், அது மூழ்கியதை வாங்குபவரிடம் சொல்லக் கடமைப்பட்டவரா? வாங்குபவர் கேளாதபோதும் சொல்லத்தான் வேண்டுமா? வாணிபத்தையே வாழ்வாகக் கொண்ட நம் சகோதரர்கள் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டிய வினா இது.

2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகிய வெள்ளத்தை நாம் மறந்துவிடவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளும் கடைகளும் வண்டிகளும் நீருள் கிடந்தன. அந்தப் பருவத்து வெள்ளங்களால் நாட்டுக்கு நேர்ந்த நஷ்டம் 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் வாகனங்களின் பங்கு மட்டும் 100 கோடி என்றும் மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. வண்டிக்கு முழுக் காப்புறுதி இருந்தாலும், தனிக் கட்டணம் செலுத்தி வெள்ளத்தையும் சேர்த்திருந்தாலொழிய இந்நஷ்டத்துக்கு ஈடு கிடைப்பது வழக்கமில்லை. பழைய வேனுக்கு அந்த மேல்கட்டணம் கட்டுவோர் எத்தனை பேர்? ஆகவே சுமை முழுவதும் உடையவர் தலையிலேயே விழுகிறது. சோதனையும் அங்கேதான் தொடங்குகிறது.

வண்டியை மீட்பது நல்ல காரியமே. வீண்விரயம் நம் மார்க்கம் வெறுப்பது. மின்னணுக் கருவிகள் குறைந்த பழைய வண்டி, புதிய வண்டியைவிட எளிதாகப் பிழைத்தெழும். ஆனால் பொறுமை வேண்டும். நீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்ப்பது பெருந்தவறு. எஞ்சினுக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அழுந்திக் கொடுக்காது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டுகளே வளைந்துவிடும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சேற்றை நல்ல நீரால் கழுவ வேண்டும். எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக் எண்ணெய், டாங்கியிலுள்ள எரிபொருள் யாவற்றையும் வடித்து மாற்ற வேண்டும். பிளக்குகளைக் கழற்றி உள்நீரை வெளியேற்றிய பின்னரே எஞ்சினைச் சுழற்றலாம். சக்கர பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸ் இட்டு, இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றிக் காயவைக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும் வெள்ளம் முற்றாகப் போய்விடுவதில்லை. வயர் இணைப்புகளுக்குள் பச்சை பூக்கும். கதவுகளுக்குள்ளும் தரைத்தகட்டின் மடிப்புகளிலும் துரு மெல்ல அரிக்கும். பிரேக் எண்ணெயை மாற்றாமல் விட்டால் அதில் கலந்த நீர் சூட்டில் ஆவியாகி, மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். இக்குறைகள் விற்கும் நாளில் தெரிவதில்லை. மாதங்கள் சென்றே வெளிப்படும். அப்போது அந்த வண்டியை ஓட்டுபவர் வேறொருவர். அவருடைய பிள்ளைகள் பின்னால் அமர்ந்திருப்பார்கள்.

“நன்றாகப் பழுதுபார்த்துவிட்டோமே, இனிச் சொல்வானேன்?” என்பர் சிலர். வண்டி உண்மையிலேயே குறையற்றதானால் சொல்வதில் அச்சமென்ன? சொன்னால் விலை குறையும் என்பதே அச்சமானால், அந்த விலை வேறுபாடு வாங்குபவருக்கு உரிய பணம். மௌனத்தால் அதை நம் பெட்டியில் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை ஏது? “அவர் கேட்கவில்லையே” என்பதும் நில்லாது. அறிந்தவர் ஒருவர், அறியாதவர் ஒருவர் என்றிருக்கும்போது, பேசும் கடமை அறிந்தவரைச் சார்ந்ததன்றோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலொன்றில் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மழைக்காக அவரை நபிகள் கடிந்துகொள்ளவில்லை; ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததையே கண்டித்தார்கள். நம் வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான விடை வேறென்ன வேண்டும்? வெள்ளம் நம் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைப்பது நம் செயல்.

இமாம் அபூஹனீஃபா அவர்கள் துணி வணிகர். குறையுள்ள ஆடையொன்றைப் பங்காளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கப் பணித்தார்கள். பங்காளி சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விலைப்பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறும். மறதியால் நேர்ந்ததற்கே இவ்வளவு பேணுதல் என்றால், அறிந்தே மறைப்பதன் நிலை என்ன?

வாங்குவோருக்கும் ஒரு சொல். வெள்ளத்தில் நொந்தவரின் தவிப்பைக் கண்டு, “இது வெறும் பழைய இரும்பு” என்று பொய்யாக அச்சுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, மறுமாதமே துடைத்து மெருகிட்டு முழு விலைக்கு விற்பவர் இருமுறை அநீதி இழைக்கிறார். வாங்கும்போது குறையைப் பெரிதாக்கும் நா, விற்கும்போது அதே குறையை விழுங்கிவிடுகிறது. ஒரே தராசை இரு கைகளாலும் தட்டுவதற்கு இது ஒப்பாகும்.

செய்ய வேண்டியது கடினமன்று. வண்டி எந்நாளில், எவ்வளவு உயரம் நீரில் நின்றது, எவற்றை மாற்றினோம் என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுப்போம். பட்டறைக் கணக்குகளையும் சேர்த்துக் கொடுப்போம். பாதுகாப்பாக ஓடாதென்று நாமே ஐயுறும் வண்டியை ஓடும் வண்டியாக விற்காமல், உதிரி உறுப்புகளாகவோ பழைய இரும்பாகவோ கழித்துவிடுவோம். சில ஆயிரம் ரிங்கிட் குறையலாம். அந்தக் குறைவை வெள்ளத்தின் கணக்கில் எழுதிவிடலாம். மறைத்துப் பெற்ற ஆயிரத்தையோ நம் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கும்; அக்கணக்கு ஒருநாள் திறக்கப்படும்.