தலையாட்டி விற்ற சரக்கு

வாயால் சொல்லும் பொய்யை வியாபாரிகளாகிய நாம் அறிவோம். வாய் திறவாமல் தலையை மட்டும் ஆட்டினால் அதற்கு என்ன பெயர்?

2020ஆம் ஆண்டு, கொரோனா பரவிய சமயம். நமது கடைக்கு வந்த அம்மா ஒருவர் மூன்று போத்தல் வினிகரும் ஆப்பசோடாவும் எலுமிச்சையும் கேட்டார். "வீட்டில் வயசான அப்பா இருக்கிறார். பிளீச் விஷம் என்கிறார்கள். இயற்கையாகவே மருந்து செய்து துடைக்கப் போகிறேன். கிருமி செத்துவிடுந்தானே, பாய்?" என்றார். தலையாட்டிக் காசை வாங்கிப் போட்டோம்.

சரக்கில் கலப்படமில்லை, நிறுவையிலும் குறைவில்லை. ஆயினும் அவர் காசு கொடுத்தது அப்பாவின் பாதுகாப்புக்கு. நாம் கொடுத்ததோ காடி.

கெண்டியில் படியும் உப்புக்கறையையும் மீன் வாடையையும் வினிகர் போக்கும். சமையல் வினிகரில் அமிலம் 100க்கு 5 பங்கு அளவே. சில கிருமிகள் சாகும். நோயாளி வீட்டில் அதை நம்பியிருக்க முடியாது. ஆப்பசோடாவைச் சேர்த்தால் பொங்கும். அதை வீரியம் என்று எண்ணுகிறோம். உண்மையில் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. பிளீச்சில் வினிகரை ஊற்றினாலோ குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். (பாம்பின் விஷமும் இயற்கைதானே!)

கேளாததை நாம் ஏன் சொல்லவேண்டும் என்பர் சில சகோதரர்கள். அந்த அம்மா கேட்டாரே!

மறுவாரம் வந்தவரிடம் சொன்னோம்: "முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அம்மா. பிறகு பிளீச்சைப் போத்தலில் கண்ட அளவுப்படி தண்ணீரில் மட்டும் கலந்து துடையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும்."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, பாய்" என்றார். வினிகரின் விலையைத் திருப்பி நீட்டினோம். வாங்கிக்கொள்ளவில்லை.