ஆசிரியர் கற்பது யாருக்காக?

பணிமேம்பாட்டுக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் கோப்பைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் கனம்தான். புத்தொளிப் பயிற்சிக்குப் போய்வந்த சான்றிதழ், கருத்தரங்கில் கட்டுரை வாசித்த சான்றிதழ், ஒரு வார இணையவழிப் பயிற்சியின் சான்றிதழ், ஆய்விதழின் அட்டை, பொருளடக்கம், கட்டுரையின் முதல் பக்கம் என்று நகல்கள் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்யப்பட்டிருக்கும். முன்பக்க அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண், எதிரே ஒரு மதிப்பெண். அந்தக் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் ஒன்று மட்டும் கிடைக்காது. அவர் பாடம் நடத்தி யாருக்காவது ஏதாவது புரிந்ததா என்பதற்கு அதில் தடயமே இருக்காது. ஆசிரியர் வளர வாய்ப்பு தர வேண்டும், அவர் உழைப்புக்கு அங்கீகாரம் தர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வாய்ப்பு யாருக்குக் கடன்பட்டது, அந்த அங்கீகாரம் எதைப் பார்த்துத் தரப்படுவது என்ற இரண்டு கேள்விகளும் நிர்வாகத்தின் கேள்விகளாகவே நெடுநாள் இருந்துவிட்டன. அவை அறத்தின் கேள்விகளும்கூட.

தொடக்கம் நல்ல எண்ணத்தோடுதான் இருந்தது. 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரிகளைத் தொடங்கியது. சென்னை, கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகங்களிலும் அவை இயங்கின. பின்னாளில் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-க்குப் பிறகு மாளவியா மிஷன் பயிற்சி மையங்கள் என்று அழைக்கப்படுகின்றன. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். இருக்கிறது; கல்லூரி ஆசிரியரோ எப்படிக் கற்பிப்பது என்று யாரும் சொல்லித்தராமலே முதல் நாள் வகுப்புக்குள் நுழைகிறார். அந்தக் குறையைப் போக்கவும், படித்து முடித்த பாடம் பழசாகிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் உருவான ஏற்பாடு இது. அதே காலத்தில், ஆசிரியர் முழுச் சம்பளத்தோடு விடுப்பெடுத்து முனைவர் பட்டம் முடிக்கவும், அவர் இடத்தில் மாற்று ஆசிரியரை அமர்த்தவும் மானியக் குழுவே பணம் தந்த திட்டமும் இருந்தது. ஆசிரியர் கற்கக் கிளம்பும்போது மாணவருக்கு வகுப்பு கெடக்கூடாது என்ற அக்கறை அந்த ஒரு விதிக்குள்ளேயே இருந்தது.

ஆனால் பயிற்சி, பதவி உயர்வுக்கான நிபந்தனையானது. இத்தனை பயிற்சி முடித்தால்தான் அடுத்த நிலை என்று விதி வந்தபின், கற்பது என்ற செயல் சான்றிதழ் பெறுவது என்ற செயலாக மெல்ல மாறியது. மூன்று வாரப் பயிற்சியில் நேர்மையாகப் படித்துத் திரும்பியவர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களையும், கடைசி வரிசையில் அமர்ந்து நாளை எண்ணியவர்களையும் அந்த ஏற்பாட்டால் பிரித்தறிய முடியவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது இது கண்ணுக்குத் தெரிந்தே நடந்தது. கல்லூரிக்குக் கல்லூரி வெபினார் நடந்தது. உரை முடியுமுன்பே கருத்துப் படிவத்தின் இணைப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நிரப்பி அனுப்பிய சில நிமிடத்தில் பெயர் அச்சிட்ட சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து நிற்கும். ஒரே நாளில் மூன்று ஊர்களின் கருத்தரங்கில் ‘பங்கேற்ற’ ஆசிரியர் யாரையும் ஏமாற்றவில்லை. விதி கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

ஆய்வுக் கட்டுரைகளின் கதை இதைவிடக் கசப்பானது. 2010-இல் மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள் ஆசிரியரின் உழைப்பை மதிப்பெண்ணாக்கின. கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை என்று வகுத்தபோது, ஆய்வுக்கூடமோ நல்ல நூலகமோ இல்லாத கல்லூரி ஆசிரியரும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கட்டுரையாவது காட்ட வேண்டியதானது. தேவை பிறந்ததும் கடை திறக்கப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு சில நாட்களில் அச்சிடும் ஆய்விதழ்கள் புற்றீசலாகப் பெருகின. மானியக் குழு வெளியிட்ட அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலிலேயே அவை புகுந்தன. பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் அப்பட்டியலில் சேர்ந்த இதழ்களில் 1,009-ஐ எடுத்து ஆராய்ந்தவர்கள், 88 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தரமற்றவையாக இருக்கக்கூடும் என்று 2018-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் காசு கொடுத்து எழுதிய ஆசிரியர் செய்தது தவறு. அதைத் தவறில்லை என்று சொல்ல இடமில்லை. ஆனால் வாரத்துக்குப் பதினாறு மணிநேரம் பாடம் நடத்துபவரிடம், வசதி எதையும் தராமல், எழுதினால்தான் உயர்வு என்று சொன்ன விதிக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு. நேர்மையாக நடப்பவர் பின்தங்கவும் நேர்மை தவறுபவர் முந்தவும் வழிசெய்யும் விதி, தன்னை நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

2018-இல் விதிமுறைகள் திருத்தப்பட்டன. கல்லூரி ஆசிரியருக்குக் கட்டுரைச் சுமை குறைந்தது. கற்பித்தலுக்கு முதன்மை கிடைத்தது. நல்ல திருப்பம். ஆனால் கற்பித்தலை அளந்தது எப்படி? ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தால் ‘நன்று’. 70-க்கும் 80-க்கும் இடையில் என்றால் ‘திருப்தி’. வகுப்புக்கு வந்தாரா என்பதுதான் மீண்டும் அளவுகோல். வந்து என்ன செய்தார் என்பது இங்கும் வெளியே நின்றுவிட்டது. கற்பித்தலையும் ஒரு புலமையாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவின் எர்னஸ்ட் பாயர் 1990-இல் எழுதியபோது, பல்கலைக்கழகங்கள் ஆய்வை மட்டுமே கண்டுகொள்கின்றன என்பதே அவருடைய கவலை. அந்தக் கவலை இங்கே இன்னும் ஒரு படி ஆழமானது. ஆய்வையும் நாம் கண்டுகொள்ளவில்லை, அதன் எண்ணிக்கையைத்தான் கண்டுகொண்டோம்.

எண்ணிக்கைக்குள் வராமல் போவது என்ன என்பதை ஒரு வகுப்பறைக்குள் நின்று பார்க்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. ஊரில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்திருக்கும் மாணவி ‘நிலைமம்’ என்று படித்தவள். கல்லூரிப் பாடநூலில் இருப்பது ‘இனர்ஷியா’. இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. புதிதாக ஏதோ கடினமானது வந்துவிட்டது என்று பயந்து எழுதிக்கொள்கிறாள். ஒரு நல்ல ஆசிரியர் அந்த முகத்தைப் பார்க்கிறார். கரும்பலகையில் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறார். டவுன் பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று கேட்கிறார். அரை நிமிடம். மாணவிக்கு ஒரு கதவு திறந்துவிட்டது. உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் சராசரி 28.4 விழுக்காடாக இருந்த 2021-22-இல் தமிழ்நாடு 47-ஐ எட்டியிருந்தது. அந்தச் சாதனைக்குள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நடுவழியில் நின்றுவிடாமல் பட்டத்தோடு வெளியேறுவது இந்த அரை நிமிடங்களைத்தான் நம்பியிருக்கிறது. இதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அந்த வகுப்பில் நிற்பவர் யார் என்று கேட்டால் விஷயம் இன்னும் கனக்கிறது. தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாடம் நடத்திவந்திருக்கிறார்கள். நெட், செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பெற்றவர்கள் அவர்களில் ஏராளம். மானியக் குழு 2019-இல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வழிகாட்டியது. இங்கே 20,000-ஆக இருந்த தொகுப்பூதியம் 25,000 ஆனதே பெரிய முன்னேற்றமாகக் கருதப்பட்டது. அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான். பயிற்சியின் கதவை விதி அவர்களுக்கு முழுதாகச் சாத்திவிடவில்லை. ஆனால் அடுத்த கல்வியாண்டில் பணி நீடிக்குமா என்று தெரியாதவர், இரண்டு மூன்று வாரம் பயிற்சிக்குப் போகிறேன், ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுங்கள் என்று எந்தத் துணிவில் கேட்பார்? போய்வந்தாலும் அந்தச் சான்றிதழ் அவருக்கு எந்தப் படியையும் ஏற்றித் தராது. ஏறுவதற்குப் படியே கிடையாது. பயிற்சி பதவி உயர்வோடு கட்டப்பட்டதால், பதவி உயர்வு இல்லாதவருக்குப் பயிற்சியும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. பெயரிலேயே கௌரவத்தைச் சுமப்பவர்களுக்கு, கற்கும் வாய்ப்பு என்ற அடிப்படைக் கௌரவம் கிடைக்காமல் போவது நெஞ்சை அறுக்கிறது.

இதில் அநீதி இழைக்கப்படுவது அந்த ஆசிரியருக்கு மட்டும் என்று நினைப்பது பாதிப் பார்வைதான். ஆசிரியர் கற்பதற்கான வாய்ப்பு உண்மையில் மாணவருக்குச் சேர வேண்டிய பொருள். அது ஆசிரியர் வழியாக மாணவரிடம் போய்ச் சேர்கிறது. முதல் ஷிப்டில் படிக்கும் மாணவருக்குப் பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியரும், மதியம் இரண்டாம் ஷிப்டில் படிப்பவருக்கு யாரும் கைகொடுக்காத கௌரவ விரிவுரையாளரும் அமைந்தால், ஒரே கட்டணம், ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என்ற சமத்துவம் வகுப்பறை வாசலிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த வாய்ப்பைப் பங்கிடும்போது கேட்க வேண்டியது ஊழியர் பட்டியலில் யார் இருக்கிறார் என்பதை விட, மாணவர் முன்னால் யார் நிற்கிறார் என்பதைத்தான்.

நாளை வேறிடம் போய்விடக்கூடியவருக்கு மக்கள் பணத்தைச் செலவிடுவது சரியா என்ற மறுப்பு இயல்பாக எழும். நிதி நெருக்கடியில் இருக்கும் அரசின் கணக்கு அது, அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் தற்காலிகம் என்ற சொல்லுக்குள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே கல்லூரியில் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை நிரந்தரமாக்காதது நிர்வாகத்தின் முடிவு. அந்த முடிவையே காரணமாகக் காட்டி அவருக்குக் கற்கும் வாய்ப்பை மறுப்பது, தான் செய்த குறையைத் தானே சாட்சியாக அழைப்பது. அவர் உண்மையிலேயே விலகிப் போனாலும், பெரும்பாலும் இன்னொரு கல்லூரியின் மாணவர்களிடம்தான் போவார். பொதுப்பணம் அங்கேயும் பொதுமக்களின் பிள்ளைகளையே சேரும்.

இன்னொரு மறுப்பு பாராட்டைப் போல ஒலிக்கும். ஆசிரியப் பணி தொண்டு. நல்ல ஆசிரியர் அங்கீகாரத்தை எதிர்பார்த்தா கற்பிக்கிறார் என்று கேட்பார்கள். ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று மேடைதோறும் இது ஏதோ ஒரு வடிவில் சொல்லப்படுகிறது. எதிர்பார்க்காமல் உழைப்பது ஒருவரின் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்ப்பதற்கு நிறுவனத்துக்கு உரிமை இல்லை. பள்ளி ஆசிரியருக்கென இருந்த தேசிய விருது 2023 முதல் உயர்கல்வி ஆசிரியருக்கும் நீட்டிக்கப்பட்டது வரவேற்க வேண்டியதே. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரு சிலருக்கு மட்டும் கிடைப்பதை வைத்து மற்ற லட்சக்கணக்கானவர்களின் பசியை ஆற்ற முடியாது. அவர்களுக்கு வேண்டியது பதக்கத்தை விட எளியது. தாம் செய்வதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் அதைப் பார்த்தார் என்ற உறுதி போதும். அது ஆண்டுக்கணக்கில் கிடைக்காமல் போகும்போது, மாணவரின் முகத்தைப் பார்ப்பதை ஆசிரியரும் மெல்ல நிறுத்திவிடுகிறார்.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கனமானது. மதிப்பெண் முறை குறையுள்ளதாக இருக்கலாம், ஆனால் எண்ணுக்குச் சாதி தெரியாது, செல்வாக்கு தெரியாது என்பார்கள். நேரில் பார்த்து மதிப்பிடுங்கள் என்றால் துறைத்தலைவரின் விருப்பு வெறுப்பு, சங்க அரசியல், ஊர்ப்பாசம் எல்லாம் உள்ளே வரும். நம் உயர்கல்வியின் வரலாறு இந்த அச்சத்துக்குப் போதுமான காரணம் தந்திருக்கிறது. அதிலும், வெளியே நிறுத்தப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கு எண் ஒரு கேடயமாக இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நில் என்று சொல்வது அறமாகாது. ஆனால் அந்தக் கேடயத்திலும் ஓட்டை உண்டு. பணம் கொடுத்து வாங்கக்கூடிய எண், பணம் உள்ளவருக்கே காவல். வாய்ப்பு உள்ளவரே சேர்க்கக்கூடிய எண், வாய்ப்பு உள்ளவருக்கே படி. பாரபட்சத்துக்கு மருந்தாகக் கண்ணைக் கட்டிக்கொள்வதை விட, பல கண்களைத் திறப்பது மேல். ஒரு வகுப்பை ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக, வேறு துறையிலிருந்து ஒருவர், வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் என ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் பார்க்கலாம். பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதை ஆசிரியர் படிக்க வேண்டும். அவருடைய பதிலும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தை முன்கூட்டியே தடுக்க வேண்டும். பணி நிலையில்லாதவரின் வகுப்பில் யாராவது வந்து உட்கார்ந்தால் அவருக்கு அது வேவு பார்ப்பதாகவே படும். ஆகவே அவர் வகுப்பைப் பற்றிய குறிப்பு எதுவும் பணி நீட்டிப்புக் கோப்பில் சேரக்கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். குறையைக் கண்டால் அதற்குரிய பயிற்சிக்கு அவரைச் சம்பளத்தோடு அனுப்பும் கடமை கல்லூரியைச் சேர்ந்தது. நிறையைக் கண்டால் அவரை அதே பயிற்சி மையத்துக்குக் கற்பிப்பவராக அனுப்பலாம். தமிழ்வழி மாணவருக்கு இயற்பியலைக் கொண்டுசேர்க்கும் வித்தையில் பன்னிரண்டு ஆண்டு பழகியவரைவிட, அதைப் பற்றிப் பேசத் தகுதியான வளவாளர் யார் இருக்கிறார்? மையங்கள் இருக்கின்றன. அவற்றின் நிதியும் கால அட்டவணையும் இருக்கின்றன. தனியாகக் கட்டிடம் எதுவும் எழுப்ப வேண்டியதில்லை. இரண்டாம் ஷிப்டில், மதிய வெயிலில், கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர் ஐம்பது நிமிடம் உட்கார்ந்தால், ‘நிலைமம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘இனர்ஷியா’ எழுதப்படுவதை அவர் பார்த்துவிடுவார்.