எண்ணும் சாட்சியும்

ஒரு கூற்று சத்தியமாவது அதன் உட்பொருளினாலா, அன்றி அதை உரைத்தவனுடைய நம்பகத்தன்மையினாலா என்னும் வினா, கல்முனை, மருதமுனை, நிந்தவூர் முதலிய கடலோர ஊர்களிலே ஹதீஸ் பயில்வோருக்குப் புதியதன்று. நபிமொழியின் வாசகத்தை மாத்திரமன்றி, அதனைத் தலைமுறை தலைமுறையாக அறிவித்தோரின் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராயும் இஸ்னாத் மரபு, கி.பி. 870இல் மறைந்த ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரியின் காலத்திலேயே ஒரு சாஸ்திரமாக முதிர்ந்திருந்தது.

கணிதமோ உரைத்தவன் யாரென்று கேட்பதில்லை. கல்முனையை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞானம் கற்றுப் பின்னர்த் துறவியான சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலிலே, வழக்கொழிந்த பண்டை யாழின் சுரங்களைச் சிலப்பதிகாரக் குறிப்புகளிலிருந்து மீட்க எண்விகிதங்களைத் துணைக்கொண்டார். 3:2 என்னும் இசைவிகிதம் இளங்கோவுக்கும் கிரேக்கருக்கும் பொதுவன்றோ?

இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது நூலாசிரியரைத் துணியும் ஆராய்ச்சி. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் எழுதப்பட்ட கட்டுரைகளுள், ஆசிரியர் யாரெனப் பிணக்குற்ற 12 கட்டுரைகளை, சிறு சொற்கள் பயின்றுவரும் அளவைக்கொண்டே அக்கட்டுரையாளருள் ஒருவரான மாடிசனுக்குரியனவென மொஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் இருவர் 1964இல் நிறுவினர்.

ஆயினும் அந்த எண்ணிக்கை காட்டுவது எழுதியவனுடைய பழக்கத்தையே. அவன் மெய்யுரைத்தானா என்பதை அன்று. பௌதிக ஆய்வாளன் தன் கருவி காட்டிய அளவை மறைக்காது உரைப்பான் என்னும் நம்பிக்கையின்மேலேதான் பிறரும் தம் ஆய்வைத் தொடங்குகின்றனர். ஆதலால், அமானிதம் என்று மார்க்கம் வற்புறுத்தும் நம்பகப் பண்பு விஞ்ஞானத்துக்குப் புறம்பானதன்று. பரிசோதனையும் நிரூபணமும் அப்பண்பின் தேவையைக் குறைக்கலாம், நீக்கமாட்டா.