எடைக்காக மறுக்கும் புலால்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் தவக்கோலங்கள் பல உண்டு. அவற்றில் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாறைப் பிளவுக்கு இடப்புறம், மேலே, ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறார் ஒரு தவசி. தாடி தொங்குகிறது, வயிறு ஒட்டிப்போய் விலா எலும்புகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் சிவபெருமான் வரம் தரும் கையோடு நிற்கிறார். பிளவுக்கு வலப்புறம், கீழே, பெரிய யானையை ஒட்டி ஒரு பூனை. அதுவும் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களை உயரத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பயமில்லாமல் இருக்கின்றன. கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவசிபோல நின்று, எலிகளை நம்பவைத்து, பிறகு அவற்றையே தின்று கொழுத்த பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அந்தப் பூனையை உண்மைத் தவசி நிற்கும் அதே பாறையில், அதே கோலத்தில் செதுக்கினான். உணவை மறுப்பது எப்போது தவம், எப்போது வேடம் என்ற கேள்வி மாமல்லபுரத்துக் கடற்கரையில் அன்றே கல்லில் ஏறிவிட்டது.

இன்று அந்தக் கேள்வி ஹாஸ்டல் மெஸ்ஸில் எழுகிறது. பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஜிஎஸ்டி சாலையிலும் வரிசையாக நிற்கும் கல்லூரிகளில் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் பலர் எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அதற்குத் தேவையும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். கறி, மீன், முட்டையை விட்டுத் தாவர உணவுக்கு மாறுவது அவர்களுக்குச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று. மாறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பேச்சுதான் கவலை தருகிறது. முட்டை சாப்பிட்ட நாள் தப்பு செய்த நாளாகிறது. பட்டினி கிடந்த நாள் சுத்தமான நாளாகிறது. உடம்பைப் பற்றிய ஒரு முடிவு மெல்ல மெல்லப் பாவ புண்ணியக் கணக்காக மாறிவிடுகிறது. உயிர் மேல் உள்ள அருளால் புலாலை மறுப்பது ஓர் அறம். உடல் நலத்துக்காக உணவை மாற்றுவது ஒரு மருந்து. இரண்டும் ஒரே தட்டில் வரலாம், ஆனால் ஒன்றுக்கு உரிய அளவுகோலை மற்றதற்கு வைத்தால் இரண்டுமே கெடும் என்பது என் வாதம்.

திருக்குறளின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம். அதற்கு முன் அருளுடைமை, அதற்குப் பின் தவம், அதையடுத்துக் கூடாவொழுக்கம். அருளில் தொடங்காத புலால் மறுப்புக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. தவத்தைச் சொன்ன கையோடு பொய்த் தவத்தைக் கண்டித்திருப்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும், எவ்வளவு உண்ண வேண்டும் என்ற பேச்சு வெகு தூரம் தள்ளி, பொருட்பாலில் 95-ஆம் அதிகாரமான மருந்தில் வருகிறது. முன்பு உண்டது செரித்ததா என்று அறிந்து, நன்றாகப் பசித்த பின், மாறுபாடில்லாத உணவை அளவோடு உண்பதே அங்கே சொல்லப்படும் வைத்தியம். அந்தப் பத்துக் குறளிலும் புலாலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. புலாலை அவ்வளவு உறுதியாக மறுத்த ஆசிரியர், நோயைக் காட்டிப் பயமுறுத்தி அதை விடச் சொல்லவில்லை. உடல் லாபத்தைச் சொல்லியிருந்தால் கேட்பவர்கள் இன்னும் அதிகமாக இருந்திருப்பார்கள். இருந்தும் அவர் அந்த வழியில் போகவில்லை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி மருந்தின் அளவுகோலை மட்டும் வைத்துப் பார்ப்போம். தாவர உணவால் எடை குறையுமா? குறையும் என்பதற்குச் சான்று இருக்கிறது. நியூசிலாந்தில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அளவுக் கட்டுப்பாடு எதுவும் விதிக்காமல் முழுத் தானியம், பயறு, காய், பழம் என்று உண்ணச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் சராசரியாக 12 கிலோவுக்கு மேல் குறைந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சோதனையில், கொழுப்புக் குறைந்த தாவர உணவை வயிறார உண்டவர்கள், மாவுச்சத்துக் குறைந்த புலால் உணவை உண்டபோது எடுத்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கலோரி குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. நார்ச்சத்தும் நீரும் நிறைந்த உணவு வயிற்றை நிரப்பும், கலோரியைக் குறைவாகத் தரும். இந்த வேலையைச் செய்வது காயும் பயறும்தான். கறி இல்லாமல் போனதாலேயே உடல் இளைப்பதில்லை. பரோட்டாவுக்கு வெஜ் சால்னா ஊற்றினாலும் மைதா மைதாதான். சிப்ஸ், முறுக்கு, குளிர்பானம் எல்லாமே தாவரத்திலிருந்து வந்தவை. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிப்பொழுதில் வரும் கழுகுகளுக்கு அர்ச்சகர் நெடுங்காலம் ஊட்டி வந்தது சர்க்கரைப் பொங்கல். அரிசி, வெல்லம், நெய். அதன் புனிதத்தில் யாருக்கும் ஐயமில்லை. அது உடலை மெலியவைக்கும் உணவு என்றும் யாரும் சொன்னதில்லை. புனிதம் ஒரு கணக்கு, கலோரி வேறொரு கணக்கு.

ஒரு மறுப்பு வரும். தவமும் பயன் கருதித்தானே செய்யப்பட்டது? அந்தப் பாறையில் நிற்பவர் அர்ச்சுனன் என்றால் பாசுபத அஸ்திரத்துக்காக நிற்கிறார்; பகீரதன் என்றால் கங்கைக்காக நிற்கிறார். ஆயுதம் வேண்டி உடலை வாட்டுவது தவமாகுமானால், ஆரோக்கியம் வேண்டி உணவைக் குறைப்பது ஏன் தவமாகாது? வலுவான கேள்வி இது. ஆனால் அர்ச்சுனனுக்கும் பூனைக்கும் உள்ள வேறுபாடு பயன் கருதியதா கருதாததா என்பதில் இல்லை. அர்ச்சுனன் தனக்கு வேண்டியதை வெளிப்படையாகக் கேட்டான். பூனை தனக்கு வேண்டியதை மறைத்து வேறொன்றைச் சொன்னது. ஆகவே எடை குறைய வேண்டும் என்று நினைப்பதில் இழிவு எதுவும் இல்லை. எடைக்காகச் செய்வதை எடைக்காக என்று சொல்லிச் செய்யும் மாணவர் நேர்மையானவர். அவருடைய கட்டுப்பாட்டுக்கு அறத்தின் போர்வை தேவைப்படாது. போர்வை போர்த்தினால்தான் சிக்கல். பிறரை ஏமாற்றுவதோடு அது நிற்பதில்லை, முதலில் தன்னையே ஏமாற்றும். தராசு முள் நகராத வாரத்தில் அவர் தன் உணவுத் திட்டத்தைத் திருத்திக்கொள்ள மாட்டார். தான் கெட்டவர் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. நோக்கம் எதுவானால் என்ன, ஒரு கோழியாவது பிழைத்தது அல்லவா? வள்ளுவரே, உண்பதற்காக வாங்குவோர் இல்லாவிட்டால் விலைக்குக் கொன்று விற்போரும் இருக்கமாட்டார்கள் என்ற பொருளில் வாதாடியிருக்கிறார். விளைவைப் பார்ப்பது அவருக்கும் உடன்பாடு. ஒப்புக்கொள்கிறேன். வெட்டுப்படாத கோழிக்கு நம் மனநிலை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எடைக்காக விட்டவர் எடை குறைந்ததும் திரும்பிவிடலாம். மீனைச் சாப்பிட்டால் இன்னும் வேகமாகக் குறையும் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் அன்றைக்கே திரும்பிவிடலாம். அவருடைய கணக்கில் அந்த உயிர் இடம்பெறவே இல்லை, ஆகவே அதன் பிழைப்பும் தற்செயல்தான். அருளால் விட்டவருக்கு இந்த வசதி கிடையாது. எடை ஏறினாலும் இறங்கினாலும் அவர் விட்டது விட்டதுதான். பழக்கத்தால் வந்தது பிறகு கருணையாகக் கனியலாம் என்பதையும் மறுக்கமாட்டேன். கனியட்டும். அதுவரை அதற்கு அறத்தின் பெயரைச் சூட்ட வேண்டாம்.

உணவே குணத்தை உண்டாக்குகிறது, சாத்விக உணவு மனதைத் தெளிவாக்கும் என்பார்கள் சிலர். கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவை மூன்றாகப் பிரிப்பது உண்மைதான். அங்கே சொல்லப்படுபவை சுவை, தன்மை, உண்ட பின் வரும் விளைவு. மிகுந்த காரமும் புளிப்பும் சூடும் ஒரு வகைக்குப் போகின்றன. பழையதும் எச்சிலும் தூய்மையற்றதும் இன்னொரு வகைக்குப் போகின்றன. அந்த அளவையில் வைத்தால், நேற்றைய எண்ணெயில் பொரித்த சமோசா சைவம் என்ற ஒரே தகுதியில் தேறாது. விரதங்களையும் பாருங்கள். ஏகாதசிக்குப் பட்டினி உண்டு; துவாதசிக்குப் பாரணையும் உண்டு. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமைத்து, பட்டினி கிடந்த வயிற்றுக்கு இதமாக உணவு தருவதும் அந்த விரதத்தின் பகுதிதான். முறையாக முடிக்காத விரதத்தை நம் பெரியவர்கள் விரதமாகவே எண்ணவில்லை. புரட்டாசி முழுக்கக் கறியை விட்டுவிடும் வீடுகளில், வடையும் பாயசமும் அந்த மாதம் குறைவதில்லை. பெருமாளுக்காக விட்டார்கள், இடுப்புச் சுற்றளவுக்காக விடவில்லை. அதில் முரண் எதுவும் இல்லை.

இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று மீனவக் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் அவர்கள் வீட்டின் அன்றாடச் சோறு, அப்பாவின் உழைப்பு. எடைக் குறைப்புக்காக ஒருவர் சைவத்துக்கு மாறிவிட்டு, தன் தட்டு சுத்தம், பக்கத்துத் தட்டு அசுத்தம் என்று நினைக்கத் தொடங்கினால், அவர் தொடுவது சாதியின் பழைய புண்ணை. மருந்தின் அளவுகோலில் மத்தி மீனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புரதமும் நல்ல கொழுப்பும் உள்ள உணவு அது. அருளின் அளவுகோலில் மீனும் உயிர்தான். ஆனால் அந்த அளவுகோலைக் கையில் எடுப்பவர் முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்மேல் அருளோடு இருக்க வேண்டும். அருளுடைமை முன்னால் வந்து, புலால் மறுத்தல் பின்னால் வருவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பசியை எதிரியாக நடத்துவதற்கும் நம் மரபு இடம் கொடுக்கவில்லை. மணிமேகலை அமுதசுரபியோடு காஞ்சிக்கு வந்து செய்தது பசி தீர்க்கும் பணி. வடலூர் வள்ளலார் புலால் உண்ணாமையை எவ்வளவு கண்டிப்பாகச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்தான் 1867-இல் சத்திய தருமச்சாலையில் அடுப்பை ஏற்றினார். அது இன்றுவரை அணையவில்லை. உயிர்க்கருணையின் முதல் கடமை பசி நீக்குவது என்றார். பிற உயிரின் பசிக்காக அடுப்பு மூட்டச் சொன்னவரின் பெயரில் தன் உயிரைப் பட்டினி போடலாமா? உண்ணாநோன்பிருந்து உடல் துறக்கும் சமண முனிவர்களின் மரபு உண்டே என்று கேட்கலாம். அது வாழ்வின் கடைசிக் கட்டத்தில், பற்றெல்லாம் அறுத்தவர்களுக்குச் சொன்னது. செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சொன்னது கிடையாது.

ஆகவே எடைக்காகத் தாவர உணவைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் மருந்தின் கேள்விகளையே கேட்கட்டும். முதலில், குறைக்கத்தான் வேண்டுமா? இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினால்தான் அதிக எடை. 163 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 61 கிலோ. அதற்குக் கீழே நிற்பவர் பெரும்பாலும் கண்ணாடிக்கும் கேலிக்கும் பயந்துதான் உணவை விடுகிறார். குறைக்க வேண்டியவர் என்றால், சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கூட்டு, பொரியல், கீரை வரட்டும். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புரதக் கணக்கு; 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம். நீர்த்த சாம்பாரில் அது கிடைக்காது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, முளைகட்டிய பச்சைப்பயறு, நிலக்கடலை தினமும் வேண்டும். கடற்கரையில் விற்கும் பட்டாணிச் சுண்டல்கூட மாலையில் பஜ்ஜியைவிட நல்ல துணை. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது அதே 2019-21 ஆய்வு. கறியையும் மீனையும் விடுபவர் கீரை, பயறுடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்து இரும்புச்சத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். பாலையும் தயிரையும்கூட விடுவதானால் பி12 மாத்திரை கட்டாயம். தாவரங்களிலிருந்து அந்தச் சத்தை நம்பிப் பெற முடியாது.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெஸ்ஸில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கீரையும் தினமும் வைக்காமல், மாணவர்களிடம் ஆரோக்கியத்தைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்திப் பயனில்லை. மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. தலை சுற்றினால், மாதவிலக்கு நின்றுபோனால், சாப்பிட்டதை மறைக்கவோ வாந்தியெடுக்கவோ தோன்றினால், அதற்கு விரதம் என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், நண்பரிடம் சொல்லுங்கள், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள மருத்துவரிடமோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.