பத்தாவது மனிதர்

ஒரு சமுதாயம் எதனால் வாழ்கிறது? நிலத்தால் என்பர் சிலர். மொழியால் என்பர் சிலர். குருதி வழியால் என்பர் வேறு சிலர். நிலத்தை இழந்து, பேச்சு மொழியைப் பலமுறை மாற்றிக்கொண்டு, அராபியரிடையே அரபியும் மலையாளிகளிடையே மலையாளமும் மராத்தியரிடையே மராத்தியும் பேசி வாழ்ந்தும் தம்மை ஒரே மக்கள் என்று உணர்ந்து வருபவர்கள் யூதர்கள். ஆகவே இவ்வினாவை ஆராயப் புகுவோர்க்கு அவர்தம் வாழ்க்கை சிறந்ததோர் உரைகல்லாக விளங்குகிறது.

கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் திருக்கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினர். முற்றுகையின்போது யோகனான் பென் சக்காய் என்னும் பேரறிஞர் சவப்பெட்டியில் கிடந்து நகரை விட்டு வெளியேறினார் என்றும், உரோமத் தளபதியிடம் யாவ்னே என்னும் சிற்றூரையும் அங்குள்ள அறிஞர்களையும் மட்டும் தமக்கு விட்டுவிடுமாறு வேண்டினார் என்றும் அம்மக்களின் மரபு கூறுகிறது. கோயிலைக் கேளாமல் பள்ளியைக் கேட்டார் அப்பெரியார். பலி கொடுக்கும் பீடம் மறைந்தது. வழிபாடும் கல்வியும் அதன் இடத்தில் அமர்ந்தன.

அக்கல்வியின் இயல்பு நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. தால்முத் என்னும் பெருநூல் முடிவுகளை மட்டும் தொகுத்த சட்டநூலன்று. தோற்ற கட்சியின் வாதத்தையும் அது மறவாமல் பதிந்து வைத்திருக்கிறது. ஹில்லேல், ஷம்மாய் ஆகிய இரு ஆசிரியர்களின் வழியினர் நெடுங்காலம் வாதிட்டனர். பெரும்பாலும் ஹில்லேல் வழியினர் கருத்தே ஏற்கப்பட்டமைக்கு அந்நூலே காரணம் கூறுகிறது: அவர்கள் பணிவுடையவர்கள், எதிர்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதனைத் தம் கருத்துக்கு முன்பாகவே எடுத்துரைத்தார்கள். இன்றும் மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் கூற்றை மற்றவர் மறுத்துக் கற்பதே அவர்தம் பாடமுறை. பஸ்கா விருந்தின்போது வீட்டின் இளங்குழந்தை வினா எழுப்பிய பின்னரே விடுதலைக் கதை தொடங்கும். நாளுக்கு ஓர் ஏடு என்று தால்முத்தின் 2,711 ஏடுகளை ஏறத்தாழ ஏழரை ஆண்டுகளில் கற்று முடிக்கும் வழக்கம் 1923இல் தொடங்கியது. அதன் பதினான்காம் சுற்று 2020 சனவரியில் ஆரம்பமாயிற்று. கணக்கரும் வணிகரும் மருத்துவரும், ஊர் எதுவாயினும், ஒரே நாளில் ஒரே ஏட்டைப் பயில்கின்றனர்.

கல்வியோடு இணைந்த மற்றொரு தூண் கடமை. யூதர் கூட்டு வழிபாட்டிற்குப் பத்துப் பேர் வேண்டும். இதனை மின்யான் என்பர். பெற்றோரை இழந்த மகன் பதினொரு மாதம் சொல்லவேண்டிய கதீஷ் என்னும் வேண்டுதலைத் தனியே சொல்ல இயலாது. அதற்கும் பத்துப் பேர் கூடவேண்டும். ஒன்பது செல்வர்கள் சேர்ந்தாலும் பத்தாவது மனிதரை விலைக்கு வாங்கி உண்டாக்க முடியாது. பத்தாவதாக வருபவர் சுமை தூக்குபவராயினும் அறிஞராயினும் அவர் வரவே அனைவரின் வேண்டுதலையும் நிறைவு செய்கிறது. ஒருவன் துயரத்தை அவன் வீட்டோடு அடைத்துவிடாமல் ஊரின் பொறுப்பாக்கும் இவ்வேற்பாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது.

இதன் மறுபக்கத்தைக் கொச்சியில் காணலாம். மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசித் தொழுகைக் கூடம் 1568இல் எழுந்தது. சீனத்து ஓடுகள் பதித்த தரையும், தொங்கும் விளக்குகளும் இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். உள்ளூராரைக் கொண்டே பத்துப் பேரை நிரப்புவது இயலாததாகி நெடுங்காலமாயிற்று. கட்டடம் நிற்கிறது, கூடுவோர் இல்லை.

எனினும் இங்கே ஓர் அறவினா எழுகிறது. 'நீ வேண்டும்' என்று ஒருவரை அழைக்கும் அதே எண்ணிக்கை, 'நீ கணக்கில் இல்லை' என்று மற்றொருவரை விலக்கவும் கூடுமன்றோ? பழமரபினர் அப்பத்தில் ஆண்களை மட்டுமே எண்ணுவர். கொச்சியிலும் பெண்கள் எண்ணப்படவில்லை. ஆயினும் திருமணப் பாடல்களையும் திருநூற் கதைப் பாடல்களையும் மலையாளத்தில் கையேடுகளில் எழுதிப் பாதுகாத்தவர்கள் அப்பெண்களே. அவர்கள் கடல் கடந்து கொண்டுசென்ற ஏடுகளிலிருந்து ஸ்கரியா சக்கரியா, ஓபிரா கம்லியேல் ஆகிய அறிஞர்கள் தொகுத்த பாடல்கள் எபிரேய மொழிபெயர்ப்போடு 2005இல் எருசலேமில் நூலாக வெளிவந்தன. எண்ணப்பட்டவர் காத்ததைவிட எண்ணப்படாதவர் காத்தது குறைந்ததென்று யார் சொல்ல வல்லார்? அமெரிக்க யூதரின் கன்சர்வேடிவ் பிரிவினர் 1973இல் பெண்களையும் பத்தில் சேர்க்க இசைந்தனர். தில்லி உமாயூன் சாலையில் 1956இல் எழுந்த ஜூடா ஹயாம் தொழுகைக் கூடத்தின் சிறு சபையும் பெண்களைச் சேர்த்து எண்ணும் வழக்கத்தை மேற்கொண்டது.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் வரலாறு இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகிறது. செக்காட்டிப் பிழைத்த அவர்கள் எபிரேய நூல்களையும் அம்மொழியறிவையும் பெரும்பாலும் இழந்திருந்தும் சனிக்கிழமை ஓய்வைக் கைவிடவில்லை. அதனால் அண்டை அயலார் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கர் எனப் பொருள்படும் 'சனிவார் தேலி' என்றே அழைத்தனர். அத்தகையோர் இஸ்ரேலில் குடியேறியபின், 1960களின் தொடக்கத்தில், பிற யூதரை மணக்க முற்பட்டபோது, அவர்தம் வமிசத்தை ஆராயவேண்டும் எனத் தலைமைக் குருமார் பணித்தனர். அவமதிப்பைப் பொறாத மக்கள் எருசலேமில் திரண்டு போராடினர். 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் நிகரான யூதரே என்று அறிவித்தது. குருமாரும் தம் ஆணையைத் திருத்திக்கொண்டனர்.

எல்லையே இல்லாத சமுதாயம் எங்ஙனம் சமுதாயமாகும் என்று வினவலாம். அவ்வினா நேரியதே. கரையில்லாத நீர் குளமாகாது. ஆனால் அக்கரையை எதனால் கட்டுவது என்பதே நாம் தெளிய வேண்டியது. பிறப்புச் சான்றால் கட்டினால், தலைமுறை தலைமுறையாகச் செக்கை நிறுத்தியவர்களின் உறுதிக்கு மதிப்பில்லாமற் போகும். யாதொரு கடமையும் ஆற்றாதவரோ பெயரளவில் உறுப்பினராகிவிடுவர். கற்பதற்கும், துயருற்றவர் வீட்டிற்கு வருவதற்கும், குழந்தையின் வினாவிற்கு விடை கூறுவதற்கும் முன்வருபவரை உள்ளடக்கிக் கட்டினால் அக்கரை நிலைக்கும். பழம்பெருமை பேசுதல் எளிது. அதற்குக் கூட்டம் எப்போதும் சேரும். குளிர்காலக் காலையில் எழுந்து பத்தாவது மனிதராகச் சென்று நிற்பதே அரிது.

பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்றுமொழிச் சூழலில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது அயலார் கதை மட்டுமன்று. நம் சங்கங்களின் மண்டபங்களும் மலர்களும் சிறக்கட்டும். அவற்றுடன், நம் பிள்ளை தமிழில் தடுமாறிக் கேட்கும் கேள்விக்கு அமர்ந்து விடை சொல்ல நேரம் ஒதுக்குவோர் எத்தனை பேர், தெருக்கோடியில் தனித்திருக்கும் முதியவரைத் தேடிச் செல்வோர் எத்தனை பேர் என்பதையும் ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்போமாக. அவ்வெண்ணிக்கை பத்தைத் தொடும் ஊரில் நம் மரபு வாழும்.